நடு நாற்காலியை விட்டு எழுந்திரு

கண்ணு, மாடுலர் சிந்தசைசருக்கு ஜாய்ஸ்டிக் பெட்டி செய்யப்போகிறாய் என்று கேட்டதும் என் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். நான் பொசுக்கிய ஐசிகள் அதில் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. நாலு மூலையில் நாலு ஸ்பீக்கர், கையில் ஒரு குச்சி, குச்சி சாயும் பக்கம் ஒலி போக வேண்டும். அவ்வளவுதானே என்றுதான் நானும் ஆரம்பித்தேன்.

1. முதலில் உனக்கு மூத்தவர் ஒருவரைத் தெரிந்துகொள். 1967 மே 12 அன்று லண்டன் குவீன் எலிசபெத் ஹாலில் பிங்க் ஃப்ளாய்ட் குழுவினர் அரங்கைச் சுற்றி ஒலியை ஓடவிட்டார்கள். அதற்கான பெட்டியைச் செய்தவர் ஆபி ரோடு ஸ்டூடியோவின் பொறியாளர் பெர்னார்ட் ஸ்பெய்ட். ‘அசிமத் கோஆர்டினேட்டர்’ என்று அதற்குப் பெயர். குச்சி இரண்டு, ஒன்று ரிச்சர்ட் ரைட்டின் ஆர்கனுக்கு, மற்றது ஒலி விளைவுகளுக்கு. கச்சேரி முடிந்ததும் பெட்டி திருடுபோயிற்று. மறுபடி ஒன்று செய்தார்கள். 1969 ஏப்ரல் 14 அன்று ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அது மேடையேறியது. என் முதல் பெட்டியை யாரும் திருடவில்லை, திருடும் யோக்கியதை அதற்கில்லை. ஆனால் இரண்டாவதைச் செய்கையில்தான் முதலாவதில் என்ன செய்துவைத்தேன் என்றே விளங்கியது. ஒன்றோடு வேலை முடியும் என்று எண்ணி உட்காராதே.

2. அவசரத்தில் மின்சாரம் கொடுக்காதே. யூரோராக் வகை மாடுலருக்கு மின்சாரம் கொண்டுவரும் ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம் போக வேண்டும். வந்த விருந்தாளிக்குக் காட்டிவிடும் ஆசையில் அதைத் திருப்பிச் செருகினேன். புகை வந்தது. மறுநாள் ஐசி விற்ற கடைக்காரரிடம் போய், மட்டமான சரக்கு என்று சண்டை போட்டேன். தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகும் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. தலைகீழாகச் செருகினாலும் தாங்குகிற டயோடு இரண்டு ரூபாய்தான், போட்டுவிடு.

3. அளந்து பார்த்தபிறகு கோபப்படு. குச்சியின் அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் 300 பாகை சுழலக்கூடியதாக இருக்கலாம், ஆனால் குச்சி அதை 60 பாகைதான் அசைக்கும். அதன் இரு முனைக்கும் 10 வோல்ட் கொடுத்தால் உன் கைக்கு வருவது 4 வோல்ட் முதல் 6 வோல்ட் வரைதான். நாலைக் கழித்து ஐந்தால் பெருக்கு. டிஎல்072 ஓப்-ஆம்ப் அதைச் செய்துவிடும். ஸ்பெய்ட்டுக்கும் இதே சங்கடம் இருந்தது, 270 பாகை சுழலும் பெரிய ரியோஸ்டாட்களை 90 பாகைக்குள் வேலை செய்யும்படி மாற்றிக்கொண்டார். உன் பெட்டியில் கழிக்கும் திருகைத் தொட்டால் பெருக்கும் திருகு கலையும், இதைத் தொட்டால் அது. மூன்று சுற்று போய் வந்தால் இரண்டும் படியும். நான் ஒரு சுற்றிலேயே குச்சியைக் குறை சொல்லி வேறு குச்சி வாங்கினேன். அதுவும் அப்படியேதான் இருந்தது.

4. குறையைப் பாணி என்று சொல்லாதே. இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். இடது-வலது, முன்-பின் இரண்டு அளவையும் அப்படியே பெருக்கி நாலு ஸ்பீக்கருக்கும் பங்கிட்டால், குச்சி நடுவில் நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் கால் பங்குதான் கிடைக்கும். மொத்தத் திறன் கால்வாசியாகிவிடும், அதாவது 6 டெசிபல் இறக்கம். மூலையில் முழங்கும் ஒலி நடுவில் பள்ளத்தில் விழுந்ததுபோல் இருக்கும். அந்தப் பெருக்குத்தொகைக்கு வர்க்கமூலம் எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் அரை வரும், திறன் குறையாது. எனக்கு அது தெரியவில்லை. பள்ளத்தை மறைக்கக் குச்சியை ஓரமாகவே வட்டமடித்து, “இதுதான் என் பாணி” என்று ஓராண்டு சொல்லித் திரிந்தேன். நண்பர்களும் தலையாட்டினார்கள். கடைசியில் என் அக்கா பேத்தி, எட்டு வயது, கேட்டாள்: “தாத்தா, சத்தம் ஏன் நம்ம கிட்ட வரவே மாட்டேங்குது?” அன்று இரவே பெட்டியைப் பிரித்தேன். 2164 என்ற ஐசியில், மின்னழுத்தத்தால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் விசிஏ நாலு இருக்கிறது, உன் வேலைக்கென்றே செய்ததுபோல. அதன் கட்டுப்பாட்டு முனையில் 33 மில்லிவோல்ட் ஏறினால் ஒரு டெசிபல் குறையும். அப்படிப்பட்ட கணக்கில் பெருக்கல் கூட்டலாகும், வர்க்கமூலம் பாதியாகும். காகிதத்தில் போட்டுப் பார், சுகமாக இருக்கும்.

5. கரகரப்பு வந்தால் பயப்படாதே. பொட்டென்ஷியோமீட்டரின் கார்பன் தடத்தின் குணம் அது. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், போதும்.

6. நடு நாற்காலியை விட்டு எழுந்திரு. செய்கிறவன் எப்போதும் நடுவில் உட்கார்ந்துதான் சோதிப்பான், அங்கே எல்லாம் அழகாகவே கேட்கும். ஒருமுறை பதினைந்து பேரை அழைத்து வாசித்துக் காட்டினேன். ஓடைச் சத்தம் ஒன்று அறையைச் சுற்றி வர வேண்டும். பின் மூலையில் இருந்த அம்மாள் காப்பி குடிக்கும்போது, “ராத்திரி பூரா என் காதுகிட்ட குழாய் ஒழுகுற மாதிரி இருந்துச்சு” என்றார். பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் மற்ற மூன்றையும் மூடிவிடும் என்று அப்போதுதான் உறைத்தது. இன்னொன்று, நம் இரு காதும் தலையின் இரு பக்கம் இருப்பதால் முன் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே தெளிவாக நிற்கும் ஒலி, பக்கவாட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே நிற்க மறுக்கும். அது பெட்டியின் குறையில்லை, அங்கே குச்சியை நிறுத்தாமல் கடந்துபோ. ஒவ்வொரு நாற்காலியிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்காமல் யாரையும் அழைக்காதே.

7. ஓயாமல் ஆட்டாதே. புதிதாகக் குச்சி கிடைத்தவன் கை சும்மா இருக்காது. ஒலி ஒரு மூலையில் நின்று வேரூன்றியபின் நகர்ந்தால்தான் நகர்ந்தது தெரியும்.

பெட்டி முடிந்ததும் தூக்கிக்கொண்டு வா. ஸ்பீக்கர் நாலும் இங்கே தயாராக இருக்கிறது. பின் மூலை முக்காலியில் நான் உட்கார்ந்துகொள்கிறேன், நீ வாசி.