பெனிகுக் முதல் கம்பம் வரை: ஒரு குடும்பப்பெயரின் தோற்றமும் பெயர்வும்

ஆய்வுச் சுருக்கம்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ‘பென்னிகுக்’ என்பது ஆட்பெயராகவும் இடப்பெயராகவும் வழங்குகிறது. ஸ்காட்லாந்தில் ஊர்ப்பெயராகத் தோன்றிக் குடும்பப்பெயராக நிலைபெற்ற இச்சொல், முல்லைப்பெரியாறு அணையின் வழியே தமிழகம் வந்து இடுபெயராயிற்று. அதன் சொற்பொருள், குடும்பத்தின் இடப்பெயர்வு, தமிழ் வடிவங்கள், பெயரிடு மரபில் அது பெற்ற மாற்றம் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பெயராய்வு, குடும்பப்பெயர், இடுபெயர், தலைப்பெழுத்து, முல்லைப்பெரியாறு, கம்பம் பள்ளத்தாக்கு

முன்னுரை

அயலார் பெயர் ஒரு நிலத்தில் நிலைபெற இரு வழிகள் உண்டு. குடியேறியோரின் வழித்தோன்றல்கள் அதனைத் தாங்கி நிற்பது ஒன்று. அந்நிலத்து மக்களே விரும்பி ஏற்பது மற்றொன்று. கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுக் குடும்பத்தார் குடியமரவில்லை. ஆயினும் அவர்தம் பெயர் வாழ்கிறது. இது இரண்டாம் வகைக்குத் தக்க சான்றாகும்.

1. ஊர்ப்பெயரும் சொற்பொருளும்

பென்னிகுக் என்பதனை ஆங்கிலப் பெயர் எனல் பொதுவழக்கு. உண்மையில் அது ஆங்கிலச் சொல்லன்று. எடின்பரோ நகருக்குத் தெற்கே, மிட்லோதியன் பகுதியில், வடக்கு எஸ்க் ஆற்றங்கரையில் அமைந்த பெனிகுக் என்னும் ஊரின் பெயரே இதற்கு மூலம். ஆங்கிலம் பரவுவதற்கு முன்னர் அப்பகுதியில் வழங்கிய பிரித்தானியக் கெல்டிய மொழியில் ‘பென்’ என்பது தலை, குன்று எனப் பொருள்படும். கார்ன்வால் பகுதியின் பென்சான்ஸ் என்னும் ஊர்ப்பெயரிலும் இம்முன்னொட்டு உண்டு. ‘கோக்’ என்பது குயிலைக் குறிக்கும். எனவே ‘குயிற்குன்று’ என்பதே இப்பெயரின் பொருளென அறிஞர் கொள்வர்.

வேல்சு மொழியின் ‘கோக்’, ஆங்கிலத்தின் ‘குக்கூ’, தமிழின் ‘குயில்’, ‘கூவு’ ஆகியன ஒலிக்குறிப்பின் அடியாகப் பிறந்தவை. இவற்றிடையே காணப்படும் ஒப்புமையை மொழியினத் தொடர்பாகக் கொள்ளலாகாது.

2. ஊர்ப்பெயர் குடிப்பெயராதல்

இடைக்கால ஸ்காட்லாந்தில் நிலவுடைமைக் குடியினர் தம் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கினர். 1296-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டுக்குப் பணிந்தோரின் பட்டியலில் ‘பெனிகுக் ஊரினரான ஹியூ’ என்பவர் இடம்பெறுகிறார். இந்நிலையில் அது ஊர் சுட்டும் அடைமொழி மட்டுமே. பின்னர் அவ்வடை மரபுரிமைப் பெயராக இறுகியது. 17-ஆம் நூற்றாண்டில் பெனிகுக் நிலவுடைமை கிளார்க் குடும்பத்தார் வசமாயிற்று. நிலம் கைமாறிய பின்னும் ஊர்ப்பெயர் பழைய குடியினரோடு சென்றது. மருத்துவரும் கவிஞருமான அலெக்சாண்டர் பெனிகுக் (1652–1722) இப்பெயர் தாங்கியோருள் ஒருவர்.

ஊரைவிட்டு விலகிய பெயருக்கு எழுத்துக்கூட்டல்கள் பல தோன்றின. மூலப்பொருள் மறந்தபோது, ஆங்கிலத்தில் ‘பென்னி’ (காசு), ‘குக்’ (சமையற்காரர்) என்னும் இரு சொற்களின் கூட்டுப்போலத் தோன்றும் வடிவமும் வழக்கிற்கு வந்தது. இது பொருள் மறந்த சொல்லைப் பழகிய சொல்லாக்கும் மக்கட் சொற்பிறப்பின் பாற்படும்.

3. குடும்பத்தின் இடப்பெயர்வு

19-ஆம் நூற்றாண்டில் இப்பெயரைப் பெயர்த்துச் சென்றது பேரரசின் படைப்பணி. அணையைக் கட்டிய ஜான் பென்னிகுக் 1841 ஜனவரி 15-இல் புனேயில் பிறந்தார். படைத்தலைவரான அவர் தந்தையும் தமையன் ஒருவரும் 1849 ஜனவரி 13-இல் பஞ்சாபின் சிலியன்வாலாப் போரில் மாண்டனர். மகன் அடிஸ்கோம்ப் படைக்கல்லூரியில் பயின்று, 1860-இல் இந்தியா வந்து சென்னை மாகாணப் பொறியியற் படைப்பிரிவில் பணியாற்றினார்.

மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்று நீரைத் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே வைகை வடிநிலத்திற்குத் திருப்பும் திட்டம் அவர் பொறுப்பில் நிறைவேறியது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார். பின்னர் இங்கிலாந்து திரும்பிய பென்னிகுக் 1911 மார்ச் 9-இல் கேம்பர்லியில் காலமானார்.

4. தமிழில் பெயரின் வடிவங்கள்

தமிழில் இப்பெயர் பென்னிகுக், பென்னிகுயிக், பென்னிகுவிக் என மூவகையாக எழுதப்படுகிறது. முதல் வடிவம் ஒலிப்பைப் பின்பற்றியது. ஏனைய இரண்டும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் அடுத்தடுத்து நிற்கும் இரு உயிரெழுத்துகளையும் ஒலித்துக் காட்ட முயன்றவை. செவிவழி வந்ததும் கண்வழி வந்ததும் ஒருங்கே வழங்குவதையே இது காட்டுகிறது. பென்னிகுயிக் என்பதில் ‘குயி’ எனும் பகுதி அமைந்து, மூலப்பொருளை நினைவூட்டுவது தற்செயலே.

வல்லின மெய் மொழிக்கு இறுதியில் வாராது என்பது தமிழ் மரபு. எழுத்தில் ககர மெய்யீறு அயற்பெயர்க்குரிய விலக்காக ஏற்கப்பட்டது; பேச்சில் அது உகரம் பெற்றுப் ‘பென்னிகுக்கு’ என ஒலிப்பது இயல்பு.

5. குடும்பப்பெயர் இடுபெயராதல்

லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி பெரியாற்று நீரைச் சார்ந்தது. அந்நன்றியின் வெளிப்பாடாகவே உழவர் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு இப்பெயரை இட்டன. அணைப்பணியில் ஈடுபட்ட மற்றொரு பொறியாளரான லோகன் பெயரும், ‘துரை’ என்னும் மதிப்புச்சொல்லேற்று, ‘லோகன்துரை’ என வழங்குகிறது. ராயலசீமையில் தாமஸ் மன்றோவின் பெயர் ‘மன்றோலப்பா’ என உருமாறியது இதனோடு ஒப்பிடத்தக்கது.

இங்கு நிகழ்ந்த மாற்றம் அடிப்படையானது. ஐரோப்பியக் குடும்பப்பெயர் பிறப்பினாலேயே வந்தடைவது. தமிழ் இடுபெயர் பெற்றோர் தேர்ந்து இடுவது. பென்னிகுக் எனப் பெயரிடப்பட்டவரின் மக்கள் ‘பெ.’ என்னும் தலைப்பெழுத்தைப் பெறுவர். பேரர் காலத்தில் அவ்வெழுத்தும் நீங்கும். ஸ்காட்லாந்தில் எழுநூறு ஆண்டுகள் தானே தொடர்ந்த பெயர், பள்ளத்தாக்கில் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக இட்டாலன்றித் தொடராது.

இத்தேர்வை நிலைநிறுத்துவதில் வாய்மொழி வழக்காற்றுக்குப் பங்குண்டு. அவர் குடும்பச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்னும் கதை பரவலானது. அணையோ சென்னை மாகாண அரசின் நிதியில் எழுந்தது. கதையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாகாது. ஆயினும் பெயரிட்டோர் அப்பெயரில் ஈகையைக் கண்டனர் என்பதற்கு அதுவே சான்று.

6. மீண்டும் இடப்பெயர்

2013 ஜனவரி 15-இல் லோயர்கேம்பில் பென்னிகுக் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. தேனியின் புதிய பேருந்து நிலையமும் அவர் பெயர் பெற்றது. அவரது பிறந்தநாள் பொங்கலை ஒட்டி வருவதால் பாலார்பட்டி முதலிய ஊர்களில் அவர் பெயரால் பொங்கல் வைக்கப்படுகிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு கேம்பர்லியில் அவருக்குச் சிலை நிறுவியது. ஒரு குன்றைச் சுட்டிய பெயர் குடியையும் மனிதரையும் சுட்டி, மீண்டும் இடத்தைச் சுட்டுவதாயிற்று.

முடிவுரை

இப்பெயரின் வரலாறு இரு நெறிகளைக் காட்டுகிறது. ஸ்காட்லாந்தில் பெயரை நிலைநிறுத்தியது மரபுரிமை. கம்பம் பள்ளத்தாக்கில் நிலைநிறுத்துவது நன்றியுணர்வு. முதலாவது பொருள் மறந்த பின்னும் தொடர்ந்தது. இரண்டாவது பொருள் மறந்தால் நின்றுவிடும். மண்டபமும் பேருந்து நிலையமும் பெயரைக் காக்கலாம். அது இடுபெயராக வாழ்வது வீடுகளில்தான். எனவே பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், வாக்காளர் பட்டியல்கள் ஆகியவற்றில் இப்பெயரையும் அதன் வடிவங்களையும் தலைமுறைவாரியாகத் தொகுத்தல் வேண்டும். ஒரு வட்டாரத்தின் நன்றியுணர்வு எத்தனை தலைமுறை நீடிக்கிறது என்பதை அத்தொகுப்பு காட்டும்.