விவசாயியும் வியாபாரியும்



கம்மாபுரத்துக் கழனியில் விதைக்கும் கை ஒன்று. விருத்தாசலம் சந்தையில் விலை பேசும் கை மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் நம் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் இவ்விரு கைகளுக்கும் நடுவே முன்பணம் என்று ஒன்று இருக்கிறது. அது எப்போது ஹலால், எப்போது ஹராம் என்று நம்மில் பலர் விசாரிப்பதில்லை.

நம் பக்கத்து வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டை புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சு நாட்டு மார்சேல் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. விதைக்கும் கூலிக்கும் கிஸ்திக்கும் கையில் காசில்லாத குடியானவருக்கு வியாபாரிகளும் தரகர்களும் முன்பணம் தந்தார்கள். மணிலாச் சாகுபடி பெருக அப்பணம் உதவியது உண்மை. ஆனால் வாங்கியவரின் கை கட்டுண்டது. களத்துமேட்டில் பல நேரம் கொடுத்தவர் சொன்னதே விலை, அவர் நிறுத்ததே எடை என்றாயிற்று. இத்தகைய குறைகளைத் தீர்க்கவே சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. விருத்தாசலத்தில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் இந்த நோக்கத்தையே கொண்டது.

மதீனா காட்டிய வழி

மதீனாவின் அன்சாரிகள் பேரீச்சந் தோட்டக்காரர்கள். கி.பி. 622இல் மக்காவிலிருந்து ஹிஜ்ரத் வந்த முஹாஜிர்களில் பலர் வியாபாரிகள். அன்சாரிகள் தோட்டங்களைப் பங்கிட்டுத் தர முன்வந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. தோட்ட வேலையில் தோள் கொடுத்து விளைச்சலில் பங்கு பெறும் ஏற்பாடே நிலைத்தது. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களோ சந்தைக்கு வழி கேட்டு, நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தம் காலில் நின்றார்கள்.

அங்கும் முன்பண வழக்கம் இருந்தது. பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே விலை கொடுத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என ஒழுங்குபடுத்தினார்கள். இதுவே 'ஸலம்' வியாபாரம். இதன் முக்கிய நிபந்தனைகள்:

1. பேசிய விலை முழுவதையும் அந்த இடத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.
2. பொருளின் இனமும் தரமும் அளவும் தெளிவாக வேண்டும்.
3. ஒப்படைக்கும் நாளைக் குறிக்க வேண்டும்.
4. 'இந்த வயலில் விளைவது' என்று குறிப்பிட்ட நிலத்தோடு கட்டக்கூடாது.

நாம் தவறும் இடம்

ஒருவருக்கு 10,000 ரூபாய் கடன் கொடுக்கிறோம். "விளைந்ததை எனக்கே, மூட்டைக்கு 200 ரூபாய் குறைத்துத் தரவேண்டும்" என்று நிபந்தனை போடுகிறோம். அவர் 20 மூட்டை தந்தால் நமக்கு 4,000 ரூபாய் இலாபம். கடனும் அப்படியே நிற்கும். இது வியாபாரமன்று, கடனைக் காட்டிப் பெற்ற ஆதாயம், அதாவது வட்டி. ஸலத்தில் விலை இறங்கினால் நஷ்டம் வாங்கியவருக்கு. இங்கோ நஷ்டம் என்றும் விவசாயிக்கே.

ஸலம் பேசியபின் மழை பொய்த்து, பொருள் எங்கும் கிடைக்காமற் போனால்? வாங்கியவர் பொறுத்திருக்கலாம், இல்லையேல் கொடுத்த தொகையை மட்டும் திரும்பப் பெறலாம். ஒரு ரூபாய் கூடக் கேட்கலாகாது. சிரமப்படுவோருக்கு அவகாசம் தரும்படி அல்பகறா அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது.

சந்தை விலை அறியாமல் வருபவரை வழியிலேயே மடக்கி வாங்குவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கம்மாபுரத்து மூட்டை விருத்தாசலம் சேருமுன் பாதையில் காத்திருப்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

நம் வீட்டுக் கணக்கேட்டை இன்றே புரட்டிப் பார்ப்போம். வட்டி கலந்த வரவு இருந்தால் உரியவரிடம் திருப்பிக் கொடுப்போம். ஹலாலான ரிஜ்கை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.