கோச் மாறினால் உங்கள் ஆட்ட நேரம் என்ன ஆகும்?

ஹாக்கி ஆட்டம் 60 நிமிடம். களத்தில் 11 பேர். கோல்கீப்பர் முழு நேரமும் நிற்பவர், அவரை விட்டுவிடுங்கள். மீதி 10 இடங்களுக்கு மொத்தம் 600 நிமிடம்தான் கோச்சின் கையில் இருக்கிறது. ஒலிம்பிக் அணியைப் போல 16 பேர், அதில் ஒரே கீப்பர் என்றால், மற்ற 15 பேருக்கும் தலைக்கு 40 நிமிடம் வரும். ஒருவருக்கு 50 கொடுத்தால் அந்தப் பத்து நிமிடம் இன்னொருவர் பங்கிலிருந்துதான் போகும். கோச் மாறும்போது இந்தக் கணக்கு அடியோடு அழித்து எழுதப்படுகிறது.

தொப்பூரிலிருந்து மட்டைப் பையை மாட்டிக்கொண்டு தருமபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறும் பிள்ளைக்கு இது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். முதலமைச்சர் கோப்பை, மாநில அணி, விளையாட்டு விடுதி, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு, ரயில்வே, வங்கி, போலீஸ் அணிகள் என எந்தக் கதவும் ஆட்டத்தையும் சான்றிதழையும் பார்த்துத்தான் திறக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் ஆட்டத்தை எந்தத் தேர்வாளரும் பார்க்க முடியாது.

பெரிய ஆட்களுக்கும் இதே கதைதான்

புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை, 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன். 2004 ஏதென்ஸ் அவருக்கு நான்காவது ஒலிம்பிக். அந்தப் போட்டி நெருங்கிய நேரத்தில் கோச் ராஜிந்தர் சிங்கை மாற்றி, ஜெர்மனியின் கெர்ஹார்ட் ராக்கிடம் அணியை ஒப்படைத்தார்கள். 36 வயது தன்ராஜுக்குக் களத்தில் கிடைத்த நேரம் சுருங்கியது. கடைசி ஆட்டத்தில், முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போதுதான் இறக்கினார்கள். இந்தியா ஏழாவது இடம்.

இந்திய வீரர் சர்தார் சிங்கின் கதை நேர் எதிர். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்கான அணியில், அப்போதைய கோச் ஷோர்ட் மரைன் காலத்தில் அவருக்கு இடமில்லை. அந்த ஆண்டு மே மாதம் ஹரேந்திர சிங் பொறுப்பேற்றார். அடுத்த சாம்பியன்ஸ் டிராபிக்கே சர்தார் திரும்ப அழைக்கப்பட்டார். அணி வெள்ளி வென்றது. சில வாரங்களில் சர்தாரின் கால்கள் மாறிவிடவில்லை, அவரைப் பார்த்த கண்தான் மாறியது.

பனிக்கட்டி ஹாக்கியில் ஒவ்வொரு வீரரும் களத்தில் நின்ற நேரத்தை வினாடி சுத்தமாகக் குறித்து, 'ஐஸ் டைம்' என்று வெளியிடுகிறார்கள். அங்கே செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணி 2018 நவம்பரில் கோச் மைக் யோவை நீக்கி, கிரெய்க் பெரூபியை அமர்த்தியது. ஜனவரி தொடக்கத்தில் அந்த அணி லீக் பட்டியலில் கடைசி. அதுவரை வரிசையில் பின்னால் நின்ற கீப்பர் ஜோர்டான் பின்னிங்டனுக்கு அப்போதுதான் முதல்முறையாக ஆட்டத்தைத் தொடங்கும் வாய்ப்பு வந்தது. ஜூனில் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை அவர்கள் கையில்.

இந்த மூன்றிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஆட்ட நேரம் உங்கள் திறமைக்குப் போடும் மதிப்பெண் மட்டும் அல்ல. இந்தக் கோச்சின் திட்டத்தில் உங்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதன் கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்த வேலையைச் சீக்கிரம் கண்டுபிடிப்பவர் தப்பித்துக்கொள்வார்.

புதியவர் எதைப் பார்ப்பார்?

ஆட்டப் பாணி: 2023 உலகக் கோப்பையில் இந்தியா சோபிக்காததால் கோச் கிரஹாம் ரீட் விலகினார். அடுத்து வந்த கிரெய்க் ஃபுல்டன், தற்காப்பைக் கெட்டிப்படுத்தி வெல்வதில் நம்பிக்கை உள்ளவர். அப்படிப்பட்டவரிடம், கோல் மட்டும் அடிக்கும் முன்கள வீரரைவிட, பந்தை இழந்தவுடன் துரத்திப் பறிப்பவருக்கே நேரம் அதிகம்.

ஓட்டம்: ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். வெளியே போனவரே மறுபடி உள்ளே வரலாம். வேகமாக ஆடச் சொல்லும் கோச், முன்கள வீரர்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுழற்றுவார். அப்படி வெளியே கூப்பிடுவது தண்டனை அல்ல. மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப ஓடத் தயாராகத்தான் அழைக்கிறார்.

பெனால்டி கார்னர்: இங்கே ஒரு விதி பலருடைய நிமிடங்களைத் தீர்மானிக்கிறது. நடுவர் பெனால்டி கார்னர் கொடுத்துவிட்டால், அது முடியும்வரை ஆள் மாற்ற முடியாது. டிராக் ஃபிளிக் போடுகிறவர் அந்த நொடியில் பெஞ்சில் இருந்தால், அங்கிருந்தே வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதனால் ஃபிளிக் போடவோ, பந்தைத் தள்ளிவிடவோ, நிறுத்தவோ தெரிந்த ஒருவராவது எப்போதும் களத்தில் இருக்கும்படி கோச் சுழற்சியை அமைப்பார். தடுப்பில் முதலில் பாய்ந்து ஓடுகிறவருக்கும் அதே மவுசு. இதில் ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்தால் உங்களை வெளியே உட்கார வைப்பது கஷ்டம்.

முதல் மாதம் செய்ய வேண்டியவை

1. பயணத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் தேசிய நெடுஞ்சாலையே ஸ்தம்பிக்கும். பழைய கோச்சுக்கு அது தெரியும், புதியவர் ஒழுங்கீனம் என்றுதான் எழுதிக்கொள்வார். ஒரு பஸ் முன்னதாகக் கிளம்புங்கள். சிக்கிக்கொண்டால் பஸ்ஸில் இருந்தபடியே போன் செய்யுங்கள்.

2. இரண்டாவது இடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ரைட் ஹாஃப் ஆடுபவர் ரைட் பேக்கும் ஆடத் தெரிந்தவராக இருந்தால், ஒருவருக்குக் காயம் என்றதும் கோச் திரும்பிப் பார்க்கும் முதல் ஆள் அவர்தான்.

3. நோட்டு போடுங்கள். நம் ஊர் ஆட்டங்களில் யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எப்போது இறங்கினீர்கள், எப்போது வெளியே வந்தீர்கள், எத்தனை பந்து பறித்தீர்கள், எத்தனை இழந்தீர்கள் என்று அன்றைக்கே குறியுங்கள். நான்கு ஆட்டம் முடிந்தால், 'என்னை இறக்கவே மாட்டேங்கிறார்' என்ற புலம்பல் சரியா தப்பா என்று அதுவே சொல்லும்.

4. பெஞ்சிலும் கண்ணைத் திறந்து வையுங்கள். மாற்று ஆள் நடுக்கோட்டருகே, உள்ளே இருப்பவர் வெளியே வந்த பிறகுதான் இறங்க வேண்டும். பெயர் கூப்பிட்ட பிறகு ஷின் கார்டைத் தேடுகிறவருக்கு அடுத்த முறை அழைப்பு வராது.

செய்யக் கூடாதவை

'முன்னாடி இருந்த சார் இப்படிச் சொல்ல மாட்டார்' என்ற வாக்கியத்தை மறந்துவிடுங்கள். பழைய கோச்சிடம் போய்ப் புதியவரைப் பற்றிக் கோள் சொல்லாதீர்கள். மாவட்ட ஹாக்கி சின்ன வட்டம், சாயங்காலத்துக்குள் அது திரும்பி வரும். அப்பாவையோ மாமாவையோ மைதானத்துக்கு அழைத்து வந்து சிபாரிசு பேச வைக்காதீர்கள். அப்படி வாங்கிய பத்து நிமிடத்தில் ஒரு தப்புச் செய்தால் அதோடு கதை முடிந்தது.

குறைந்தே போனால் கேளுங்கள்

மூன்று நான்கு வாரம் பொறுத்துப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால், ஆட்ட நாளில் அல்லாமல் ஒரு பயிற்சி நாளில், மற்றவர்கள் கலைந்த பிறகு போய்க் கேளுங்கள். "ஏன் சார் என்னை இறக்கல?" என்று ஆரம்பித்தால் அவர் காரணம் சொல்லி முடித்துவிடுவார். "சார், நான் இன்னும் கொஞ்ச நேரம் ஆடணும்னா எதைச் சரி பண்ணணும்?" என்று கேட்டால் ஒரு வேலை கொடுப்பார். அதைச் செய்துவிட்டு இரண்டு வாரம் கழித்து, "நீங்க சொன்னதைப் பண்ணியிருக்கேன், பாருங்க சார்" என்று நில்லுங்கள்.

அதற்கும் அசையவில்லை, வயதும் உங்கள் பக்கம் என்றால், அடுத்த பருவத்துக்கு வேறு பள்ளியோ கல்லூரியோ கிளப்போ பார்ப்பதில் தவறே இல்லை. தருமபுரியும் சேலமும் இரு பக்கமும் இருப்பது தொப்பூர்க்காரருக்கு ஒரு வசதி. ஆனால் பருவத்தின் நடுவில் கோபித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அந்த ஆண்டின் போட்டியும் சான்றிதழும் சேர்ந்தே போய்விடும்.

புதிய கோச் வந்திருக்கிறாரா? இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். அடுத்த பயிற்சிக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் போய், அவருக்கு வணக்கம் சொல்லி, உங்கள் பெயரையும் ஆடத் தெரிந்த இரண்டு இடங்களையும் சொல்லிவிட்டு ஓடத் தொடங்குங்கள்.