ஸ்ரெபிலைசர் வாங்குமுன் பாட்டுப்பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றறிகளும் தடைப்பட்டன. அப்போது நாம் வானொலி கேட்டது சைக்கிள் டைனமோவில்தான். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் பெட்டியைச் சுற்றியிருந்து செய்தி கேட்போம். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஆகவே நான்கு இருவாயிகளை இணைத்து, அதன்பின் ஒரு கொள்ளளவியையும் போட்டோம். கொள்ளளவி இல்லாவிட்டால் செய்தியோடு இரைச்சலும் சேர்ந்து வரும். சுற்றுபவரின் கை சோர்ந்தால் குரல் தேயும். சின்னப்பிள்ளைகள் உற்சாகத்தில் வேகமாகச் சுற்றினால் 6 வோல்ற் டைனமோ அதைவிட மிகக் கூடுதலாகத் தந்து வானொலியைக் கருக்கிவிடும்.

இன்று கம்பத்திலிருந்து 230 வோல்ற் வருகிறது. ஆனாலும் பாட்டுப்பெட்டி கேட்பது அன்று கேட்டதையே. வோல்ற்றளவு கண்டபடி கூடிக் குறையக் கூடாது, இரைச்சல் கலக்கக் கூடாது, திடீர் அடி விழக் கூடாது. இம்மூன்றுக்கும் ஒரே மருந்து என்று ஸ்ரெபிலைசரை விற்பவர்கள் உண்டு. திரும்பிவந்து வீடு கட்டிய கடனே தீராத நிலையில் இதற்கும் ஒரு கடன் வேண்டுமா என்று பார்ப்போம்.

முதலில் பெட்டியின் பின்புறத்தில் ஒட்டியிருப்பதை வாசியுங்கள். '100–240' என்று இருந்தால் அது ஏற்ற இறக்கத்தைத் தானே சமாளிக்கும். ஸ்ரெபிலைசர் வீண் செலவு. '230' என்று மட்டும் இருந்து, தூக்கினால் பாரமாகவும் இருந்தால், உள்ளே நிலைமாற்றி உண்டு. வோல்ற்றளவு குறைந்தால் அதில் சத்தம் குறையும், அவ்வளவுதான். கூடினால்தான் சூடேறிப் பழுதாகும். எமது நாட்டில் வீட்டுக்கு வரவேண்டியது 216 முதல் 244 வோல்ற் வரை. மின்குமிழ்கள் திடீரென அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு மின்சார சபைக்கு அறிவியுங்கள். அது கம்பத்தில் உள்ள பழுதாக இருக்கலாம்.

மாலையில் மட்டும் வோல்ற்றளவு விழுகிறதா? வயரைப் பாருங்கள். ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை 50 மீற்றர் தூரம் இழுத்தால், போய்த் திரும்பும் வழியின் தடை ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஓம். 5 அம்பியர் ஓடும்போது 9 வோல்ற் வரை அந்த வயரிலேயே போய்விடும். தண்ணீர் மோட்டர் கிளம்பும் கணத்தில் அது பல மடங்கு இழுக்கும். பாட்டுப்பெட்டி 'டொக்' என்பது அதனால்தான். மோட்டருக்குத் தடித்த வயரில் தனி வழி கொடுத்தால் வீட்டுக் குமிழ்களும் நன்றாக எரியும்.

இரைச்சல் விடயத்தில் நாமே ஒருமுறை ஏமாந்தோம். எமது மண்டபத்து அம்பிளிபயர் இரையத் தொடங்கியதும் பெரிய ஸ்ரெபிலைசர் ஒன்றைத் தவணைக்கு எடுத்தோம். இரைச்சல் போகவில்லை, ஸ்ரெபிலைசரின் 'டிக், டிக்' ஓசையும் சேர்ந்துகொண்டது! அம்பிளிபயரையும் அதற்குப் பாட்டுக் கொடுக்கும் பெட்டியையும் தூரத் தூர இரண்டு பிளக்குகளில் செருகியிருந்ததே காரணம். இரண்டு எர்த் வழிகளுக்கிடையே ஓடும் சிறு மின்னோட்டம் ஒலி வயருக்குள் புகுந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே மல்ரி பிளக்கில் செருகியதும் அடங்கியது. தவணைப் பணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

இந்த இரைச்சலுக்காக எர்த் வயரைக் கழற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். உள்ளே ஒரு வயர் தேய்ந்து தகரத்தில் முட்டினால் பெட்டி முழுவதும் கரண்ட் ஏறும். வயலிலிருந்து ஈரக்காலோடு வருபவர் தொட்டால் உயிருக்கே ஆபத்து. கையில் கொஞ்சப் பணம் இருந்தால் முதலில் நல்ல எர்த் கம்பி இறக்குங்கள். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

மிஞ்சினால், மின் எழுச்சியைத் தாங்கும் மல்ரி பிளக் ஒன்று வாங்கலாம். அதுவும் எர்த் சரியாக இருந்தால்தான் முழுப்பயன் தரும். அடி வாங்க வாங்கத் தேய்ந்தும் போகும். நேரே விழும் இடியை எந்தப் பெட்டியும் தடுக்காது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் மழை இருட்டும்போதே பிளக்கையும் அன்ரெனா வயரையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கியபின் அவற்றைத் தொடாதீர்கள். 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் இருண்டதுபோல் கரண்ட் போகும் வேளைகளிலும் பிளக்கைக் கழற்றி, வந்தபின் சில நிமிடங்கள் பொறுத்துச் செருகுவது நல்லது.

கரண்ட் எட்டாத காணியில் இருப்பவர்கள் 12 வோல்ற்றில் பாடும் பெட்டியாகத் தேடி வாங்கி, பற்றறியில் நேரே இணைக்கலாம். பற்றறி தருவது சுத்தமான நேரோட்டம் என்பதால் மலிவான இன்வேட்டரில் வரும் இரைச்சல் இதில் இல்லை. சூரியத் தகட்டை மட்டும் பெட்டிக்கு நேரே கொடுக்காதீர்கள். 12 வோல்ற் தகடு என்று விற்பது நல்ல வெயிலில், சுமை இல்லாதபோது, 20 வோல்ற்றுக்கு மேலும் தரும். இடையில் சார்ஜ் கொன்ரோலரும் பற்றறியும் இருக்க வேண்டும். பற்றறியின் நேர் முனைக்குப் பக்கத்திலேயே ஓர் உருகியும் வேண்டும்.