அமைச்சரின் பதிலை எழுதப்போகும் உங்களுக்கு

சி.ஜி.எல். தேர்வில் தேறி, டெல்லியில் மத்தியச் செயலகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்திருக்கிறீர்கள். அறை பிடித்து, ஸ்வெட்டர் வாங்கி, இ-ஆபீஸ் பழகுவதற்குள் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் வந்துவிடும். அன்று முதல் செக்‌ஷனில் ஒரே பேச்சுதான்: "பி.க்யூ. வந்திருக்கு." பி.க்யூ. என்றால் பார்லிமெண்ட் கொஸ்டின். மற்றக் கோப்புகள் காத்திருக்கும், இது காத்திருக்காது.

நான் பல கூட்டத்தொடர்களில் இந்த வேலை பார்த்தவன். அவையில் அமைச்சர் படிக்கும் பதிலின் முதல் வரைவு பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒருவரின் மேசையில்தான் பிறக்கிறது. அதை எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அடிப்படை சுருக்கமாக. உறுப்பினர் குறைந்தது 15 நாள் முன்னால் கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும். அமைச்சகங்களைப் பிரித்து ஆளுக்கொரு கிழமை ஒதுக்கியிருப்பார்கள். எந்தக் கேள்வி பட்டியலில் முன்னால் வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், நட்சத்திரமில்லாதவை 230 வரை. மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரம் போட்டதற்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்வார், அதை ஒட்டித் துணைக் கேள்விகளும் வரும். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில். மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்கு. மாநிலங்களவையில் 2014 நவம்பரிலிருந்து பகல் 12 மணிக்கு.

கேள்வி கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அது நம் அமைச்சகத்துடையதா என்பதை. இல்லையென்றால் அன்றைக்கே போன் போட்டு, உரிய அமைச்சகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி மாற்றிவிடுங்கள். "இது அவங்க சப்ஜெக்ட்" என்று இரண்டு அலுவலகங்கள் கோப்பைத் தள்ளிக்கொண்டிருந்தால் இரண்டு நாள் போய்விடும். அந்த இரண்டு நாளில் மாநிலங்களிடம் தகவல் கேட்டிருக்கலாம்.

அடுத்து, கேள்வியைக் கடைசியிலிருந்து படியுங்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும். (அ) இப்படி ஒரு திட்டம் உண்டா. (ஆ) ஆம் எனில் அதன் விவரம். (இ) மாநிலவாரியாக எவ்வளவு. (ஈ) தாமதத்துக்குக் காரணம் என்ன. (உ) என்ன நடவடிக்கை. உறுப்பினரின் கண் (ஈ) மேல் இருக்கிறது. தொகுதியில் யாரோ அவரிடம் வந்து அழுதிருக்கிறார்கள், அதனால்தான் கேள்வியே வந்திருக்கிறது. செக்‌ஷனின் பழக்கமோ "(அ) முதல் (உ) வரை" என்று ஐந்தையும் ஒன்றாகக் கட்டி, திட்டத்தின் பெருமையை இரண்டு பக்கம் எழுதி, தாமதத்தை அதற்குள் புதைத்துவிடுவது. அதைச் செய்யாதீர்கள். நான் எப்போதும் (ஈ)-க்கான பதிலைத்தான் முதலில் எழுதுவேன். அது கைக்கு வந்துவிட்டால் மற்ற நான்கும் அரை மணி நேர வேலை.

எண்களைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். கல்வி உதவித்தொகை பற்றி நட்சத்திரமில்லாத கேள்வி ஒன்று வந்தது. மாநிலவாரிப் பட்டியலை நான்தான் தயாரித்தேன். முந்தைய கூட்டத்தொடரின் எக்செல் கோப்பைத் திறந்து, புது எண்களை அதன் மேலேயே ஒட்டினேன். புதுச்சேரிக்கான வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. மொத்தத் தொகையின் சூத்திரமோ அதற்கு முந்தைய வரியோடு நின்றுவிட்டது. இரவு எட்டரை மணிக்கு அண்டர் செக்ரட்டரி கால்குலேட்டரை எடுத்து, ஒரு ஸ்கேலை வரிகளுக்குக் கீழே வைத்து நகர்த்தி நகர்த்திக் கூட்டினார். மொத்தம் இடித்தது. "இது அவைக்குப் போயிருந்தா அமைச்சர் எழுந்து திருத்த அறிக்கை வைக்கணும், தெரியுமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. அன்றிலிருந்து எந்தப் பட்டியலையும் கையால் ஒருமுறை கூட்டாமல் நான் மேலே அனுப்பியதில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் அது எந்தத் தேதி வரையிலான கணக்கு என்பதையும் எழுதுங்கள். தேதி இல்லாத எண் அடுத்த வாரமே பொய்யாகிவிடும். அதே கேள்விக்கு முன்பு என்ன சொன்னோம் என்பதையும் நாடாளுமன்ற இணையதளத்தில் தேடிப் பாருங்கள். கேட்கும் உறுப்பினரின் உதவியாளர் கட்டாயம் பார்த்திருப்பார்.

இனி இரண்டு சொற்றொடர்கள். கைக்கு எளிதில் வருவதால்தான் இவை ஆபத்தானவை.

ஒன்று, "தகவல் பராமரிக்கப்படவில்லை". 2020 செப்டம்பரில், கொரோனா காரணமாகக் கேள்வி நேரமே இல்லாமல் எழுத்துப் பதில்கள் மட்டும் தரப்பட்ட கூட்டத்தொடர் நடந்தது. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய கேள்விக்குத் தொழிலாளர் அமைச்சகம் அத்தகைய தரவு இல்லை என்று பதில் தந்தது. அதே கூட்டத்தொடரில், சிறப்பு ரயில்களில் பயணம் செய்தவர்களில் 97 பேர் இறந்ததாக ரயில்வே அமைச்சகம் எண்ணைத் தந்தது. முதல் பதிலில் தொழில்நுட்பமாகப் பிழை இல்லாமல் இருக்கலாம். ஆனால் பிணத்தோடு ஊர் போய்ச் சேர்ந்த குடும்பத்துக்கு அந்த வரி எப்படிக் கேட்டிருக்கும்? உங்களிடம் முழுத் தகவல் இல்லையென்றால், எந்தப் பகுதி இருக்கிறது, மீதி யாரிடம் இருக்கிறது, அவர்களிடம் எப்போது கேட்டோம் என்று எழுதுங்கள். மூன்று வரிதான் கூடும்.

இன்னொன்று, "பரிசீலனையில் உள்ளது". கேட்டால் பணிவாக இருக்கும், யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் அவையில் அதைச் சொல்லிவிட்டால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்டு எழுத வேண்டும். 1953 முதல் மக்களவையில் இதற்கென்றே அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. நீங்கள் வேறு செக்‌ஷனுக்குப் போன பிறகும் அந்த வரி இன்னொருவரைத் துரத்தும். உண்மையிலேயே பரிசீலனை நடந்தால், எந்த நிலையில் என்று சொல்லுங்கள். நடக்கவில்லையென்றால் "தற்போது அத்தகைய திட்டம் இல்லை" என்று எழுதுங்கள். உயர் அதிகாரி முகம் சுளிப்பார். காரணத்தைக் கோப்பில் எழுதி வையுங்கள், பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

நட்சத்திரக் கேள்வியென்றால் பாதி வேலை பதிலுக்கு வெளியே இருக்கிறது. துணைக் கேள்விக் குறிப்பு என்று அமைச்சருக்கு ஒரு கட்டு தயாராகும். "நம்முடையது பதினேழாவது கேள்வி, அதுவரை எங்கே வரப்போகிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழக்கமாகச் சில கேள்விகளோடு மணி ஆகிவிடும் என்பது நிஜம்தான். ஆனால் 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் 20 கேள்விகளும் எடுக்கப்பட்டன. 1972-க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

துணைக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு முந்த்ரா விவகாரத்தைப் படியுங்கள். எல்.ஐ.சி. தொழிலதிபர் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது, 1957-ல் மக்களவையில் முதலில் ஒரு கேள்வியாகத்தான் தலைகாட்டியது. மக்களவை உறுப்பினர் பெரோஸ் காந்தி விடாமல் தொடர்ந்தார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். அதிகாரிகள் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். உங்கள் வரைவில் வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவையில் நின்று பதில் சொல்லப்போகிறவர் வேறொருவர் என்பதை அந்தக் கதை எனக்குப் புரியவைத்தது.

ஆகவே குறிப்பை ஒரு கட்டுரையாக எழுதாதீர்கள். வரக்கூடிய கேள்வி மேலே, இரண்டு வரிப் பதில் கீழே, பெரிய எழுத்தில். கேட்டவரின் மாநிலத்துக்கும் தொகுதி இருக்கும் மாவட்டத்துக்கும் தனித் தாள். பதிலில் நமக்குச் சங்கடமான இடம் எதுவோ அதற்கு முதல் தாள். அமைச்சருக்கு விளக்கும்போது அந்த இடத்தை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் அவையில் கண்டுபிடிக்கும்படி விடக்கூடாது.

அன்று காலை உங்களையும் கூட்டிப்போனால் அதிகாரிகள் மாடத்தில் உட்கார்வீர்கள். முன்வரிசையில் செயலர், இணைச் செயலர். கேள்வி எண் அழைக்கப்பட்டதும் மடியில் தாள்கள் புரளும். எதிர்பாராத ஒரு மாவட்டத்தின் பெயர் அவையில் விழும். இணைச் செயலர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டுவார். அந்த மாவட்டத்தின் தாள் உங்கள் கட்டில் எத்தனையாவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.