நெருஞ்சி பூக்கும் தடம்

மூன்றாவது சுற்றில் முன்சக்கரம் தொளதொளத்தது. இறங்கி டயரைத் தடவிப் பார்த்தேன். நெருஞ்சி முள். ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், முன்டயரில் மட்டும் 11 முள். பல்லடம் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் நடந்த மவுன்டன் பைக் பந்தயம் அது. 4 கிலோமீட்டர் தடத்தை 5 முறை சுற்ற வேண்டும். என் பையில் இருந்தது ஒரே ஒரு மாற்று ட்யூப். பின்டயரும் இறங்கிக்கொண்டிருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தா நிறுத்தினார். "ஏங்கண்ணு, இந்த ஓரமா எதுக்கு வந்தீங்க? பூராம் நெருஞ்சியாக் கெடக்குதே. நேத்து சாயங்காலமே வந்திருந்தீங்கன்னா நானே சொல்லியிருப்பேன்."

ஏழு வருடமாகப் பந்தயம் ஓட்டுகிறேன். அதில் நான் கற்ற முதல் பாடம் அந்த ஆத்தா சொன்னதுதான். அதுவரை வண்டியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்: எத்தனை கியர், எவ்வளவு எடை, என்ன ஃபோர்க். மண்ணைப் பற்றி யோசித்ததே இல்லை. இப்போது எந்தப் பந்தயமாக இருந்தாலும் முந்தின நாளே போய்விடுவேன். முதலில் தடத்தை நடந்து பார்ப்பேன், அதன்பிறகுதான் ஓட்டிப் பார்ப்பேன். ஓட்டினால் வேகத்தில் கண்ணுக்குத் தப்புகிறது நிறைய. நடந்தால் எந்த இடத்தில் தண்ணீர் கசிகிறது, எந்த வேர் குறுக்கே ஓடுகிறது, எங்கே உருளைக்கல் கிடக்கிறது என்று கால் சொல்லிவிடும். முடிந்தால் பந்தயம் நடக்கும் அதே நேரத்திலும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. காலை ஏழு மணி வெயில் கிழக்கு நோக்கிய வளைவில் நேராகக் கண்ணில் அடிக்கும். அந்த நொடியில் பள்ளம் தெரியாது. அக்கம்பக்கத்தில் ஆடு மாடு மேய்ப்பவர்கள் இருந்தால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும். அந்த நிலத்தை அவர்களைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

நெருஞ்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மழை பெய்ததும் தரையோடு தரையாகப் படர்ந்து மஞ்சளாகப் பூக்கும். அப்போது ஆபத்து இல்லை. தை, மாசியில் செடி காய்ந்து, காய் உதிர்ந்து கிடக்கும்போதுதான் வினை. எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்தபடி நிற்கும். அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதே செடியின் முள்ளை ஆட்டுத்தலை என்று திட்டுவதாகப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இதற்கு ட்யூப் இல்லாத டயர்தான் மருந்து. உள்ளே ஊற்றும் சீலன்ட் முள் குத்திய ஓட்டையை அடைத்துவிடும். 29 அங்குல டயருக்கு 100 மில்லி ஊற்றுகிறேன். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து ரப்பர்த் தோலாகிவிடும். வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டயரைக் குலுக்கிப் பாருங்கள். சளசளவென்று சத்தம் வரவில்லை என்றால் ஊற்ற வேண்டும். பந்தயத்தின் நடுவே முள் குத்தியிருப்பதைக் கண்டால் நான் பிடுங்குவதில்லை. முள்ளே தக்கையாக இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்கு வந்து பிடுங்கி, ஓட்டை கீழே இருக்கும்படி சக்கரத்தை நிறுத்திவைப்பேன்.

காற்றளவிலும் பல மாதம் தவறு செய்தேன். ரோட்டுச் சைக்கிள் பழக்கத்தில் கல்லுப் போல் காற்றடிப்பேன். 45 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு செம்மண் சரளையில் போனால் வண்டி தவளை மாதிரித் தத்தும், வளைவில் வழுக்கும். என் எடை 68 கிலோ, டயர் அகலம் 2.25 அங்குலம். இப்போது முன்னால் 22, பின்னால் 25 வைக்கிறேன். டயர் கல்லின் மேல் ஏறும்போது அமுங்கி அதைக் கவ்விக்கொண்டு போகிறது. ட்யூப் போட்ட டயர் என்றால் இவ்வளவு குறைக்கக் கூடாது. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். 32-க்குக் கீழே நான் போனதில்லை. உங்கள் எடைக்கு எது சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே தடத்தை நாலு அளவில் ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லாமல் வண்டி மேம்படும் வழி இதைவிட வேறில்லை.

கரிசல் மண் வேறு கதை. காய்ந்திருந்தால் தார் ரோடு மாதிரி இருக்கும். ஐப்பசியில் ஒரு மழை பெய்துவிட்டால் பத்தடி போவதற்குள் சக்கரம் பணியாரம் போல் உப்பிவிடும். மண் ஃபோர்க்குக்குள் அடைத்து, சக்கரம் சுற்றவே சுற்றாது. மிதிக்க மிதிக்க இன்னும் இறுகும். உடுமலை பக்கம் ஒரு பந்தயத்தில் பலமாக மிதித்துச் செயினை அறுத்துக்கொண்டேன். அன்று முதலாவதாக வந்த பையன் கரிசல் தொடங்கும் இடத்திலேயே இறங்கி, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு 200 மீட்டர் ஓடினான். தூக்கி ஓடுவதையும் வாரம் ஒருமுறை பழகுகிறேன் இப்போது.

இறக்கம்தான் எல்லோருக்கும் பயம். எனக்கும் இருந்தது. பயத்தில் சீட்டில் உட்கார்ந்து, பின்பிரேக்கை விடாமல் அழுத்தினேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டது. வண்டி நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. நிறுத்தும் சக்தி பெரும்பாலும் முன்பிரேக்கில்தான் இருக்கிறது. ஒற்றை விரலால், வளைவுக்கு முன்பே, நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் கூடாது. சீட்டைவிட்டு எழுந்து, இரண்டு பெடலும் சமமாக இருக்க, முழங்கை மடங்கியிருக்க நிற்க வேண்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும். கல்லையே பார்த்துக்கொண்டு போனால் கல்லில்தான் ஏறும்.

இந்த விளையாட்டு பிறந்ததே இறக்கத்தில்தான். 1976-இல் கலிஃபோர்னியாவின் மாரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு மலைப்பாதையில் பாய்ந்து இறங்கிப் போட்டி வைத்தார்கள். பின்சக்கர ஹப்புக்குள்ளேயே பிரேக் இருந்த வண்டிகள் அவை. அடிவாரம் வந்து சேரும்போது அதன் கிரீஸ் வெந்து புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் போட்டிக்கு ரீபேக் என்றே பெயர் வந்தது. இருபதே வருடத்தில், 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் மவுன்டன் பைக் சேர்ந்துவிட்டது. அதே வருடம் ஹவாயின் மாவி தீவில் பின்னாளில் எக்ஸ்டெரா என்று பெயர் பெற்ற காட்டுத்தட டிரையத்லானும் தொடங்கியது: நீச்சல், மலைச் சைக்கிள், மண்பாதை ஓட்டம்.

அந்த வகைப் போட்டி நம் பக்கம் சிறியதாகத்தான் நடக்கிறது. நான் முதலில் கலந்துகொண்டது ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில். 500 மீட்டர் நீச்சல், 16 கிலோமீட்டர் சைக்கிள், 4 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கிணற்றில் குதித்து வளர்ந்தவன். ஆனால் கிணற்று நீச்சல் என்பது குதிப்பது, மூழ்கி எழுவது, நாலு வீச்சில் எதிர்ப் படியைப் பிடிப்பது. அதற்குமேல் நீந்த அங்கே இடமே கிடையாது.

நீச்சல் நடந்தது தோப்புக்குத் தண்ணீர் தேக்கும் பெரிய குளத்தில். விசில் ஊதியதும் நாற்பது பேர் ஒன்றாகப் பாய்ந்தோம். தலையைத் தண்ணீருக்குள் விட்டால் பச்சைக் கலங்கல். என் கை எனக்குத் தெரியவில்லை. யாரோ காலால் உதைத்ததில் நீச்சல் கண்ணாடி நகர்ந்தது. 100 மீட்டர்கூட ஆகவில்லை, மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தாலும் காற்று உள்ளே போகவில்லை. பாதுகாப்புக்கு நின்ற பரிசல்காரர் துடுப்பை நீட்டினார். "புடிச்சுக்கங்க தம்பி, புடிச்சா ஒண்ணும் தப்பில்லீங்க." அவர் சொன்னது உண்மை. நிற்கும் படகைப் பிடித்து இளைப்பாற டிரையத்லான் விதி இடம் கொடுக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறத்தான் கூடாது. பரிசல் விளிம்பைப் பற்றிக்கொண்டு மல்லாந்து மிதந்தேன். மூச்சை வெளியே விடுவதில் மட்டும் கவனம் வைத்து இருபது எண்ணினேன். நெஞ்சு இளகியது. நீந்தி முடித்தேன். அந்த மனிதரைப் பிறகு தேடிப் போய் நன்றி சொன்னேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று பிறகு புரிந்தது. பதற்றத்தில் மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தேன், விடவே இல்லை. இப்போது தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே தண்ணீரில் இறங்கி, முகத்தை அமுக்கி, குமிழி விட்டுப் பழகுகிறேன். கூட்டத்தின் நடுவில் நிற்பதில்லை, ஓரத்தில் நிற்கிறேன். எட்டு வீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரிக் கண்ணை மட்டும் மேலே தூக்கித் திசை பார்க்கிறேன். மிதவை சின்னது, அலையில் மறைந்துவிடும். அதற்குப் பின்னால் கரையில் நிற்கும் பனைமரம் மறையாது. குளத்தில் தனியாகப் பயிற்சி செய்யாதீர்கள். எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் கரையில் ஒருவர் நிற்க வேண்டும், இடுப்பில் மிதவை கட்டியிருக்க வேண்டும். வாய்க்காலில் நீந்திப் பழகவே வேண்டாம். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே இழுவை இருக்கும், சிமென்ட் கரையில் பிடிமானம் இருக்காது.

தண்ணீரைவிட்டு வந்ததும் ஹெல்மெட்டை மாட்டி, வாரைப் பூட்டிய பிறகுதான் வண்டியைத் தொட வேண்டும். இந்த வரிசை மாறினால் தண்டனை உண்டு. சைக்கிளை முடித்து ஓடத் தொடங்கும்போது முதல் அரைக் கிலோமீட்டர் கால் நம்முடையதாகவே இருக்காது. ஞாயிறுதோறும் சைக்கிளில் இருந்து இறங்கிய கையோடு பத்து நிமிடம் ஓடிப் பழகியதில் எனக்குச் சரியானது.

அந்தத் தோப்பில் இன்னொன்றும் நடந்தது. காய்ந்த தென்னை மட்டையின் ஒரு சிம்பு கியர் மாற்றும் பின் டெரெய்லருக்குள் புகுந்து, அதை ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கர் என்ற சிறிய அலுமினியத் துண்டு முறிந்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் வடிவம் வேறு. கோவையில் நாலு கடை ஏறியும் கிடைக்கவில்லை. பீளமேட்டில் எனக்கு லேத் பட்டறை இருக்கிறது. பழைய துண்டை அளந்து, 10 மில்லிமீட்டர் மரை, 1 மில்லிமீட்டர் புரி என்று சுத்தமாக ஒன்று செய்தேன். இனி உடையவே கூடாது என்று எஃகில் செய்தேன். உடையவில்லைதான். அடுத்த மாதம் வண்டி வலப்பக்கம் சாய்ந்து கல்லில் மோதியபோது ஹேங்கர் அப்படியே இருந்தது, ஃபிரேமின் காது வளைந்துவிட்டது. ஃபிரேமைக் காப்பாற்றத்தான் அந்தத் துண்டை மென்மையான அலுமினியத்தில் செய்கிறார்கள் என்பது இருபது வருடம் உலோகத்தோடு புழங்கியவனுக்கு அன்றுதான் உறைத்தது. வண்டி வாங்கும் அன்றே அதற்குரிய ஹேங்கர் இரண்டு வாங்கி வைத்துவிடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று சீட்டுக்கு அடியில் உள்ள பையில், செயின் இணைக்கும் லிங்க்கோடு.

பொள்ளாச்சிப் பக்கம் ஆடியில் போட்டி என்றால் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து தள்ளும் அந்தக் காற்றில் தனியாக முன்னால் போகிறவன் மற்றவர்களைவிட அதிகம் உழைக்கிறான். திறந்த வெளியில் யார் பின்னாலாவது ஒதுங்கிக்கொண்டு, மரங்களுக்குள் நுழையும்போது முந்துவேன். சாப்பாட்டில் புதிதாக எதையும் பந்தயத்தன்று பரிசோதிப்பதில்லை. இரண்டு மணி நேரம் முன்னால் நாலு இட்லி, வழியில் கடலை மிட்டாய், முடிந்ததும் உப்புப் போட்ட மோர். எனக்கு இது போதும்.

காட்டுக்குள் பழகலாமே என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். மருதமலை, தடாகம் பக்கம் விடியலிலும் அந்தியிலும் யானை நடமாட்டம் உண்டு. சைக்கிள் சத்தமில்லாமல் போகும். வளைவு திரும்பினால் நேருக்கு நேர் நிற்க நேரும். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம் என்பதோடு, அது அவற்றின் வீடு. ஏரிக்கரை, தோப்பு, தரிசு, கல்லுக்குழி ஓரம் என்று நமக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. நில உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். வெள்ளாமை இருக்கும் வயலில் சக்கரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் செய்யும் தவறால் அடுத்த வருடம் பந்தயமே நின்றுபோகும்.

இந்த வருடமும் அதே பல்லடம் பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போயிருந்தேன். எட்டாவது படிக்கும் என் மகளும் வந்தாள். பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் பெயர் கொடுத்திருந்தாள். வேலியோரம் அதே ஆத்தா. ஆடுகள் கூடியிருந்தன. மகள் முன்னால் போய்க் கேட்டாள்: "அப்பத்தா, இங்க எங்கெல்லாம் முள்ளு இருக்குதுங்க?"

அவர் குச்சியை ஊன்றி எழுந்து, எங்களுக்கு முன்னால் தடத்தில் நடக்கத் தொடங்கினார்.