வீடு காலி செய்கையில் வரி பாக்கி
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

மதுரை நகரிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் நெசவாளர்களுள் பலர் வாடகை வீட்டிலேயே தறி போட்டுப் பிழைக்கின்றனர். வீடு மாறும் நாளில் அவர்களுக்கு நேரும் தொல்லைகளுள் ஒன்று வரி பாக்கி. “நான்கு அரையாண்டு வரி நின்றுபோயிருக்கிறது, அதை முன்பணத்தில் பிடித்துக்கொள்கிறேன்” என்கிறார் வீட்டுக்காரர். சாமான்களை வண்டியேற்றி நிற்கும் வேளையில் வாதாட மனமின்றி அங்கத்தினரும் ஒப்புக்கொண்டுவிடுகிறார். சேமிப்பு முழுவதும் முன்பணத்தில் அடங்கிக் கிடக்கும் குடும்பத்துக்கு இது சிறு நஷ்டமன்று. அடுத்த வீட்டு முன்பணத்துக்குக் கடன் வாங்க நேரிடும். ஆகவே இந்த பாக்கி யாரைச் சேர்ந்தது என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

வரி யாருடையது?

சொத்துவரி கட்டடத்தின் மீது விதிக்கப்படுவது. அதைச் செலுத்தும் கடமை முதற்கண் உரிமையாளருடையது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு தவணை. அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. தவணை தொடங்கிய 30 நாட்களுக்குள் செலுத்துவோருக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு; தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். 2011இல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகள் மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. ஆகவே அப்பகுதி வீடுகளுக்கும் மாநகராட்சிக்கே வரி செலுத்த வேண்டும். ஊராட்சிப் பகுதிகளில் வீட்டுவரி அந்தந்த ஊராட்சிக்கு உரியது.

ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்

வாடகைப் பத்திரத்தில் வரியைப் பற்றி ஷரத்து இல்லையெனில், வரியை முன்பணத்தில் பிடிக்க வீட்டுக்காரருக்கு நியாயமில்லை. ‘வரி குடியிருப்பவர் பொறுப்பு’ என எழுதியிருந்தாலும், வேறு விதமாகக் கூறப்படாதவரை, குடியிருந்த காலத்துக்கே அது பொருந்தும்.

ஓர் உதாரணம்: அரையாண்டு வரி 900 ரூபாய், நடப்புத் தவணையையும் சேர்த்து நான்கு தவணை பாக்கி 3,600 ரூபாய். இத்தகைய ஷரத்தின்படி அங்கத்தினர் ஜனவரி முதல் தேதி குடிவந்து ஜூன் 30இல் காலி செய்கிறார். மார்ச் வரை மூன்று மாதத்துக்கு 450, ஜூன் வரை மூன்று மாதத்துக்கு 450, ஆக 900 ரூபாயே அவர் பங்கு. மீதி 2,700 ரூபாய் வீட்டுக்காரருடையது. வாடகையோடு சேர்த்து வரிப்பங்கை ஏற்கெனவே கொடுத்து வந்திருந்தால், அந்த 900 ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

நெருக்கடியில் நாமே செலுத்தினால்?

பாக்கி மிகுந்தால் குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்புகள் துண்டிக்கப்படுவதும் உண்டு. அதைத் தவிர்க்கக் குடியிருப்பவரே பணம் கட்ட நேரலாம். அப்பணம் போனதென்று எண்ண வேண்டாம். உரிமையாளர் செலுத்தவேண்டிய தொகையை அவர் செலுத்தத் தவறி, அது குடியிருப்பவரிடமோ சொத்தின் மீதோ வசூலிக்கத்தக்கதாயின், குடியிருப்பவர் அதைத் தாமே செலுத்தி, வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவு கூறுகிறது.

இவ்விதி வேளாண் குத்தகைக்குப் பொதுவாகப் பொருந்தாது. எனினும் குத்தகை நிலத்தில் பயிரிடும் அங்கத்தினர்களுக்கு 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 69ஆம் பிரிவு துணை நிற்கிறது. அச்சட்டமே தரும் உதாரணம்: ஜமீன்தார் நிலவரி கட்டத் தவறியதால் நிலம் ஏலத்துக்கு வருகிறது. குத்தகைதாரர் வரியைக் கட்டி ஏலத்தைத் தடுக்கிறார். அத்தொகையை ஜமீன்தார் அவருக்குத் திருப்பித்தரக் கடமைப்பட்டவர்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வரியைக் கட்டாமல், வரி பாக்கியைக் காரணங்காட்டி வாடகையை மட்டும் நிறுத்துவது தவறு. வாடகை பாக்கி, வீட்டைவிட்டு வெளியேற்றுவதற்கே காரணமாகிவிடும். முதலில் வரியைக் கட்டி, ரசீதின் நகலை எழுத்து மூலமான அறிவிப்புடன் வீட்டுக்காரருக்குக் கொடுத்த பின்னரே கழிக்க வேண்டும்.

காலி செய்யுமுன் செய்யத்தக்கவை

1. ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டின் வரிவிதிப்பு எண்ணைப் பெற்று, வரி வசூல் மையத்தில் பாக்கியைத் தெரிந்துகொள்க.

2. மின்கட்டணம் நாம் உபயோகித்ததற்கு உரியது. கடைசி நாள் மீட்டர் அளவை இருவரும் குறித்துக் கையொப்பமிடுக. தொழில்வரி செலுத்துவோர், அது தம்முடைய கடனே என்பதையும் மறவாதிருக்க.

3. குழித்தறி போட்டிருந்தால், வீடு நம் வசம் இருக்கும்போதே தறியை எடுத்துக் குழியை மூடித் தரையைச் சீர்செய்க. சாவியைக் கொடுத்த பிறகு அவ்வுரிமை இல்லை. குழிக்கென்று முன்பணம் பிடிக்கவும் இடங்கொடுக்கலாகாது.

4. சாவி ஒப்படைத்த தேதியையும் திரும்ப வரவேண்டிய முன்பணத்தையும் எழுதி வாங்குக. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டப்படி, நியாயமான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் வீட்டுக்காரர் திருப்பித்தர வேண்டும்.

பத்திரமின்றி வாய்ப்பேச்சில் குடிபுகுவதே பெரும்பாலான வழக்குகளுக்கு மூலம். வரியை யார் செலுத்துவது என்ற ஒரு வரியைக் குடிபுகும் நாளில் எழுதிக்கொண்டால், காலி செய்யும் நாளில் முன்பணம் முழுதும் கைக்கு வரும்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. மேற்கண்ட உதாரணத்தில் அங்கத்தினர் ஆகஸ்டு 31இல் காலி செய்திருந்தால் அவர் பங்கு எவ்வளவு?

2. நம் அங்கத்தினர்களுள் எத்தனை பேரிடம் எழுத்து மூலமான வாடகைப் பத்திரம் உள்ளது? இல்லாதவர்களுக்குச் சங்கம் எவ்வாறு உதவலாம்?